கிளாஸ் வாங்கும்போது அழகை மட்டுமல்ல, அளவையும் பாருங்கள்

தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்து, திரைச்சீலை மாற்றும்போதே அலமாரியில் இருக்கும் கண்ணாடிக் கிளாஸ்கள் மீதும் கண் போகும். ஆறு வாங்கியதில் நான்குதான் மிஞ்சியிருக்கும். அந்த நான்கும் ஒரே ஜோடியாக இருக்காது. திறந்த இல்ல உபசரிப்புக்கு நண்பர்கள் வருவார்கள், மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள் என்று புதிதாக ஒரு பெட்டி வாங்கக் கடைக்குப் போனால், அங்கே பத்து வகை இருக்கும். குட்டையும் அகலமுமாக ஒன்று, உயரமும் ஒல்லியுமாக ஒன்று, பூவின் காம்புபோல் நீண்ட தண்டின்மேல் நிற்பது ஒன்று, தண்டு இல்லாமல் தடித்த பாதத்தின்மேல் உட்கார்ந்திருப்பது ஒன்று.

பெரும்பாலோர் விலையையும் அழகையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஆனால், இந்த வடிவங்கள் வெறும் அலங்காரத்துக்காக உருவானவை அல்ல. பானம் எவ்வளவு நேரம் குளிர்ச்சியாக இருக்கும், மணம் எப்படி எழும், கிளாஸ் எத்தனை நாள் உடையாமல் இருக்கும் என்பவற்றை வடிவமே முடிவு செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் தமக்குத் தெரியாமலேயே எவ்வளவு குடிக்கிறார் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

மது நம் சமூகத்தில் வலி நிறைந்த பேச்சு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. குடிக்காமல் இருப்பதே நல்லது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், விருந்தில் மது பரிமாறும் வீடுகள் இருக்கின்றன. ஹோட்டல்களிலும் மதுக்கூடங்களிலும் வேலை செய்யும் நம் இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்த இரு தரப்புக்கும் கிளாஸைப் பற்றிய விவரம் தேவைப்படுகிறது.

‘ரெண்டு விரல்’ என்பது எவ்வளவு?

வீட்டில் விஸ்கியோ பிராந்தியோ ஊற்றும்போது பலர் அளவுக் கோப்பை வைத்துக்கொள்வதில்லை. கிளாஸின் அடியில் இரண்டு விரலை வைத்து, அந்த உயரத்துக்கு ஊற்றுவதே வழக்கம். இரண்டு விரலின் அகலம் ஏறக்குறைய 3.5 சென்டிமீட்டர். கை ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். ஆனால், கிளாஸ் மாறினால் கணக்கு மாறிவிடுகிறது.

உள்விட்டம் 5.5 சென்டிமீட்டர் உள்ள ஒல்லியான கிளாஸில் இரண்டு விரல் உயரம் என்றால் சுமார் 83 மில்லிலிட்டர். அதே இரண்டு விரலை உள்விட்டம் 8 சென்டிமீட்டர் உள்ள அகலக் கிளாஸில் ஊற்றினால் சுமார் 175 மில்லிலிட்டர். இரண்டு மடங்குக்கும் அதிகம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதே காரணம். விட்டம் ஒன்றரை மடங்கு ஆனால், கொள்ளும் அளவு இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். கண் உயரத்தைத்தான் கவனிக்கிறது; அகலத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

இந்த 175 மில்லிலிட்டர் என்பது என்ன? 30 மில்லிலிட்டரை ஒரு பெக் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஆறு பெக். 40 விழுக்காடு மதுசாரம் உள்ள விஸ்கி என்றால், அதில் சுமார் 55 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. ஐந்து விழுக்காடு உள்ள 320 மில்லிலிட்டர் பீர் டின் ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 12.6 கிராம். ஆக, “ரெண்டு விரல்தான் போட்டேன்” என்று மனசாட்சிப்படி சொல்பவர், நான்கு டின் பீருக்கும் மேலாகக் குடித்திருக்கக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. அகலக் கிளாஸில் அந்த அளவு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரின் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைக்கும் மதுசாரம் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான். 55 கிராம் கரைய ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் மேல் ஆகும். மலேசியாவில் 2020ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, வாகனமோட்டியின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் இருக்கக்கூடிய மதுசாரத்தின் வரம்பு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. தண்டனைகளும் கடுமையாக்கப்பட்டன. இரவு விருந்தில் அகலக் கிளாஸில் இரண்டு முறை ஊற்றிக்கொண்டவர், காலையில் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதும் அந்த வரம்பைத் தாண்டியிருக்கலாம்.

தண்டு எதற்காக?

தண்டுள்ள கிளாஸில் மூன்று பாகங்கள் உண்டு. பானம் நிற்கும் கிண்ணம், கை பிடிக்கும் தண்டு, மேசையில் நிற்கும் வட்டப் பாதம். தண்டின் முக்கிய வேலை கையின் சூட்டைப் பானத்திலிருந்து தள்ளி வைப்பது.

மார்ட்டினி, டைக்கிரி போன்ற காக்டெய்ல்களை ஐஸோடு கலக்கி அல்லது குலுக்கி, ஐஸை வடிகட்டிவிட்டுக் கிளாஸில் ஊற்றுவார்கள். பரிமாறிய பிறகு அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க உள்ளே ஐஸ் கிடையாது. கையின் தோல் முப்பது டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கும். கிண்ணத்தையே பிடித்துக்கொண்டிருந்தால், சில நிமிடங்களில் பானம் வெதுவெதுப்பாகிவிடும். அதனால்தான் இத்தகைய பானங்களுக்குத் தண்டு கட்டாயம். கிளாஸும் சிறியதாக இருக்க வேண்டும். சூடாகும் முன்பே குடித்து முடிக்கும் அளவுதான் ஊற்றப்படும்.

தண்டுள்ள கிளாஸிலும் மூன்று வடிவங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் விரிந்த மார்ட்டினி கிளாஸ், ஆழமில்லாத கிண்ணம்போன்ற கூப், மணி வடிவில் சற்றே உள்வளைந்த நிக் அண்ட் நோரா. கடைசியாகச் சொன்னது, 1934இல் வெளிவந்த ‘தி தின் மேன்’ என்ற ஹாலிவுட் படத்தின் கணவன் மனைவி பாத்திரங்களின் பெயரைப் பெற்றது.

வீட்டுக்கு வாங்குவதென்றால் ‘வி’ வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது. அது எளிதில் சிந்தும், எளிதில் கவிழும். அளவிலும் ஏமாற்றும். கூம்பு வடிவத்தில் பாதி உயரம் வரை ஊற்றினால், மொத்தக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். ஐந்தில் நான்கு பங்கு உயரம் வந்தபோதுதான் பாதி அளவே நிரம்புகிறது. மீதிப் பாதி அந்த மேல் விளிம்புப் பகுதியில் அடங்கிவிடும். “இன்னும் கொஞ்சம் ஊற்று” என்று விளிம்புவரை நிரப்பினால், அந்தக் கொஞ்சம் உண்மையில் இரண்டாவது கிளாஸ். 140, 150 மில்லிலிட்டர் கொள்ளும் நிக் அண்ட் நோரா வடிவம் இந்தத் தொல்லை இல்லாதது. வளைந்த விளிம்பு என்பதால் தட்டில் தூக்கிச் செல்பவருக்கும் சிந்தாது.

தண்டில்லாததன் பலமும் பலவீனமும்

ஐஸ் போட்டுக் குடிக்கும் பானங்களுக்குத் தண்டு தேவையில்லை. உள்ளே இருக்கும் ஐஸே குளிர்ச்சியைப் பார்த்துக்கொள்ளும். விஸ்கிக்கான குட்டைக் கிளாஸும், சோடா கலந்த பானங்களுக்கான உயரக் கிளாஸும் இந்த வகையைச் சேர்ந்தவை. குட்டைக் கிளாஸின் அடி தடித்திருப்பதற்கும் காரணம் உண்டு. சீனிக்கட்டியையும் பழத்தோலையும் கிளாஸுக்குள்ளேயே இடித்துக் கலக்கும் பானங்களுக்காக அப்படிச் செய்யப்பட்டது. மெல்லிய அடியாக இருந்தால் விரிந்துவிடும்.

உயரக் கிளாஸ் ஒல்லியாக இருப்பது சோடாவின் குமிழிக்காக. காற்றில் படும் மேற்பரப்பு குறைவாக இருந்தால், குமிழி மெதுவாகவே வெளியேறும். ஒல்லியான கிளாஸில் நிறைய ஐஸ் போட்டால் பானமும் சீக்கிரம் நீர்த்துப்போகாது. ஐஸைக் குறைத்தால் பானம் கெட்டியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கொஞ்சமான ஐஸ் சூடான பானத்தில் வேகமாகக் கரைந்து தண்ணீராகிவிடும். நிறைய ஐஸ் சேர்ந்து பானத்தைச் சட்டென்று குளிர வைத்துவிட்டால், அதன்பின் கரைவது குறையும்.

பெரிய ஐஸ் கட்டியும் அதே காரணத்துக்காகத்தான். 5 சென்டிமீட்டர் கனசதுர ஐஸ் ஒன்றின் மேற்பரப்பு 150 சதுர சென்டிமீட்டர். அதையே எட்டுச் சிறு கட்டிகளாக வெட்டினால், மேற்பரப்பு 300 சதுர சென்டிமீட்டராகிவிடும். படும் பரப்பு இருமடங்கானால் கரைவதும் வேகமாகும். இத்தகைய பெரிய ஐஸ் அச்சு வாங்கியிருப்பவர்கள், கிளாஸ் வாங்கும் முன் வாயின் உள்விட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். 5 சென்டிமீட்டர் கட்டியின் மூலைவிட்டம் ஏழு சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம். அதைவிடக் குறுகிய கிளாஸில் அது இறங்காது.

பலவீனம் என்று பார்த்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம்தான். குளிர்ந்த கிளாஸின் வெளிப்புறத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். தண்டில்லாத கிளாஸ் கையில் வழுக்கும். மர மேசையில் வளையமாகக் கறை பதியும். அடியில் ஒரு தட்டுத்துணியோ கோஸ்டரோ வைத்தே ஆக வேண்டும். வெளிப்புறத்தில் வரிகளோ செதுக்கலோ உள்ள கிளாஸ் வாங்கினால் பிடி நழுவாது.

வைனுக்கான தண்டில்லாத கிளாஸ்களும் இப்போது எங்கும் கிடைக்கின்றன. ஆஸ்திரியாவின் ரீடல் நிறுவனம் 2004இல் ‘ஓ’ என்ற வரிசையை வெளியிட்ட பிறகு இந்த வடிவம் பரவலாகியது. அலமாரியில் இடம் மிச்சம், கழுவுவது எளிது. ஆனால், இதில் விஸ்கி ஊற்றுவதைத் தவிர்க்க வேண்டும். குண்டான வயிற்றில் எவ்வளவு ஊற்றினாலும் கொஞ்சமாகவே தெரியும்.

நடுவழி: பாதமுள்ள கிளாஸ்

நீண்ட தண்டுக்கும் தண்டில்லாததற்கும் இடையில் ஒரு வகை உண்டு. கிண்ணத்துக்கு அடியில் கட்டை விரல் உயரத்துக்குக் குட்டைத் தண்டு, அதன்கீழ் அகலமான தடித்த பாதம். பிராந்திக்கான பலூன் கிளாஸ், சிங்கப்பூர் ஸ்லிங் போன்ற பானங்களுக்கான உயரக் கிளாஸ், ஸ்காட்லாந்தில் உருவான கிளென்கேர்ன் விஸ்கி கிளாஸ் ஆகியவற்றை இந்த வகையில் சேர்க்கலாம். கிளென்கேர்னுக்குத் தண்டே இல்லை. விரல்கள் பிடிப்பதற்குத் தடித்த கண்ணாடிப் பாதம் மட்டும் உண்டு. வயிறு அகன்று வாய் குறுகியிருப்பதால், மணம் சிதறாமல் மூக்குக்கு வரும்.

பலூன் கிளாஸில் ஒரு பழைய நுணுக்கம் இருக்கிறது. சரியான அளவில் செய்த கிளாஸைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால், ஒருவருக்கான பிராந்தி சிந்தாமல் விளிம்புவரை நிற்கும். அதற்குமேல் ஊற்றினால் வழிந்துவிடும். இங்கே வடிவமே அளவுகோலாக வேலை செய்கிறது. ஆனால், உள்ளங்கையில் ஏந்திச் சூடேற்றும் பழக்கம் நமக்குத் தேவையில்லை. 18, 20 டிகிரி குளிர் இருக்கும் ஐரோப்பிய வீடுகளுக்காக வந்த வழக்கம் அது. நம் வீட்டுக்கூடத்தில் புட்டி ஏற்கெனவே 30 டிகிரியில்தான் நிற்கிறது. மேலும் சூடேற்றினால் மணத்துக்குப் பதில் மதுசார நெடிதான் மூக்கில் ஏறும்.

வீட்டு முன்னால் கூடாரம் போட்டு விருந்து வைப்பவர்களுக்கு இந்தப் பாதமுள்ள வகை ஏற்றது. புல்தரையில் போட்ட பிளாஸ்டிக் மேசையில் நீண்ட தண்டுள்ள கிளாஸ் நிற்காது. ஒரு குழந்தை மேசை விரிப்பை இழுத்தால் போதும். பாதமுள்ள கிளாஸின் எடை கீழே இருப்பதால் சட்டென்று கவிழாது.

நம் மண்ணின் பானங்கள்

காக்டெய்ல் என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு, இந்த வட்டாரமே சில பானங்களை உலகுக்குத் தந்திருப்பது வியப்பாக இருக்கலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் மலாயாத் தோட்டத் துரைமார்கள் கிளப்பில் உட்கார்ந்து கேட்ட பானம் ‘ஸ்டெங்கா’. பாதி என்று பொருள்படும் ‘செத்தெங்ஙா’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபு அது. பாதி விஸ்கி, பாதி சோடா. பெயரிலேயே அளவு இருக்கிறது.

சிங்கப்பூர் ஸ்லிங், ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பாரில் இங்கியாம் தோங் பூன் என்ற மதுக்கூடப் பணியாளர் 1915 வாக்கில் உருவாக்கியது என்று அந்த ஹோட்டல் கூறுகிறது. பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவது தகாது என்று கருதப்பட்ட காலத்தில், பார்ப்பதற்குப் பழரசம்போல் இருக்கட்டும் என்று இளஞ்சிவப்பு நிறத்தில் செய்ததாக அந்த வரலாறு சொல்கிறது.

1970களில் கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலின் ஏவியரி பாரில் பிறந்தது ஜங்கிள் பேர்ட். கருப்பு ரம், கம்பாரி, அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறு, சீனிப்பாகு சேர்ந்தது. இன்று உலகின் பல நகரங்களில் மதுக்கூடப் பட்டியலில் இது இடம்பெறுகிறது.

இந்த இரண்டு பானங்களும் சொல்லும் பாடம் ஒன்றுதான். இன்று பரவலாகப் பின்பற்றப்படும் செய்முறைப்படி ஒரு கிளாஸ் ஜங்கிள் பேர்டில் 45 மில்லிலிட்டர் ரம்மும், ஏறக்குறைய அதில் பாதி கம்பாரியும் இருக்கும். கணக்கிட்டால் சுமார் 18 கிராம் மதுசாரம். கிட்டத்தட்ட இரண்டு பெக். அன்னாசி இனிப்பு அதை நாக்கிலிருந்து மறைத்துவிடுகிறது. உயரமான பெரிய கிளாஸில் வந்தால் கண்ணிலிருந்தும் மறைந்துவிடும். இனிப்பான பானம்தானே என்று தங்கைக்கோ அத்தைக்கோ ஊற்றிக் கொடுப்பவர் இந்தக் கணக்கை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு வீட்டுக்கு மூன்று வகை போதும். 200 முதல் 250 மில்லிலிட்டர் கொள்ளும் குட்டைக் கிளாஸ் ஆறு, 300 மில்லிலிட்டர் அளவுள்ள உயரக் கிளாஸ் ஆறு, விருப்பமிருந்தால் 150 மில்லிலிட்டர் தண்டுள்ள கிளாஸ் நான்கு. பெட்டியின் பக்கவாட்டில் மில்லிலிட்டர் கணக்கு அச்சிட்டிருக்கும். பெரியது கௌரவம் என்று எண்ணி 400, 450 மில்லிலிட்டர் வாங்கத் தேவையில்லை. பெரிய கிளாஸ் பாதி காலியாக இருந்தால் விருந்து கொடுப்பவரின் கை சும்மா இருக்காது.

கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து விளிம்பில் நகக்கண்ணால் ஒரு சுற்று வர வேண்டும். சிறு சில்லு பெயர்ந்திருந்தால் உதட்டைக் கிழிக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வலுவூட்டப்பட்ட கண்ணாடி நல்லது. உடைந்தாலும் கூர்மையான நீண்ட துண்டுகளாகாமல் சிறு சிறு துண்டுகளாகச் சிதறும்.

ஈயம் கலந்த பழைய படிகக் கண்ணாடிக் குடுவை வீட்டில் இருந்தால், அதில் மதுவை ஊற்றிப் பல நாள் வைத்திருக்கக் கூடாது. ஈயம் மெல்ல மெல்லப் பானத்தில் கலந்துவிடும். புதிதாக வாங்குபவர்கள் ஈயமில்லாத படிகம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

தண்டுள்ள கிளாஸ் பெரும்பாலும் விருந்தில் உடைவதில்லை. கழுவும் தொட்டியில்தான் உடைகிறது. ஒரு கையால் பாதத்தையும் மறு கையால் கிண்ணத்தையும் பிடித்துத் துணியால் முறுக்கித் துடைப்பதே காரணம். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைத் துடைக்க வேண்டும். பாதத்தைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் துடைக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்ட கிளாஸ்களை இழுக்கக் கூடாது. உள் கிளாஸில் குளிர்ந்த நீர் ஊற்றி, வெளிக் கிளாஸை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் தானாக விடும்.

கிளாஸால் முடியாதது

எவ்வளவு நல்ல கிளாஸாக இருந்தாலும் நச்சு மதுவைக் காட்டிக் கொடுக்காது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தனர். மெத்தனாலை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க இயலாது. வழக்கத்துக்கு மாறாக மலிவாக விற்கப்படும், சுங்கவரி முத்திரையில்லாத புட்டியை வாங்காமல் இருப்பதே ஒரே பாதுகாப்பு. குடித்த சில மணி நேரங்களுக்குப் பிறகு பார்வை மங்கினால், வயிறு வலித்து மூச்சு வாங்கினால், போதை என்று படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

குடிக்காதவருக்கும் ஒரு நல்ல கிளாஸ்

விருந்தில் குடிக்காதவர்களுக்குக் காகிதக் கோப்பையில் ஆரஞ்சு நீர் கொடுத்து ஒதுக்கிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. மதுவை விட்டுவிட்டு வருடக்கணக்காகக் கட்டுப்பாட்டோடு இருப்பவருக்கும், மாத்திரை சாப்பிடுபவருக்கும், கார் ஓட்ட வேண்டியவருக்கும் அந்தக் காகிதக் கோப்பை ஓர் அடையாளம்போல் ஆகிவிடுகிறது. “என்ன, இன்னிக்கும் ஜூஸா?” என்ற கேள்வி உடனே வரும். அதே உயரக் கிளாஸில், அதே ஐஸோடு, எலுமிச்சை அசாம்போயோ பண்டோங்கோ ஊற்றிக் கொடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவரும் சங்கடமில்லாமல் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். நல்ல கிளாஸ் பெட்டி ஒன்று வாங்குவதற்கு இதைவிடச் சிறந்த காரணம் தேவையில்லை.

மது பரிமாறுபவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. புதுக் கிளாஸை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், இருமல் மருந்தோடு வரும் அளவுக் கோப்பையால் 30 மில்லிலிட்டர் தண்ணீரை அளந்து அதில் ஊற்றிப் பார்க்க வேண்டும். அது எந்த உயரத்துக்கு வருகிறது என்று வெளிப்புறத்தில் நகச்சாயத்தால் சிறு கோடு போட்டுக்கொள்ளலாம். 8 சென்டிமீட்டர் அகலமுள்ள கிளாஸில் அந்தக் கோடு அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் உயரத்தில்தான் விழும். பார்ப்பவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருக்கும். ஒரு பெக் என்பது உண்மையில் அவ்வளவுதான்.

ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த நம் பெரியவர்கள், மங்கில் வடிந்த பாலை ஸ்டோருக்குச் சுமந்து சென்றபோது கண்ணளவில் கணக்குப் போட யாரையும் விட்டதில்லை. நிறுத்துப் பார்த்துத்தான் கிராணி எழுத வேண்டும். குறைந்தால் கேள்வி வரும். உழைப்புக்குக் கேட்ட அந்த அளவை, குடிக்கும் கிளாஸுக்கும் கேட்கப் பழகிக்கொண்டால் பல வீடுகளில் இரவு அமைதியாகக் கழியும்.